வங் தாவ் குறுவட்டத்தின் வரலாறும் ஒரு திருட்டுக் கோழியும்

1

இது கதையாகப் பிறந்தது அல்ல. எங்கள் குறுவட்டத் தலைவர் தவின் சிவப்பு மையால் அடித்துப் போட்ட வரிகளைக் குப்பையில் போட மனமில்லாமல் ஒட்டுப்போட்டுத் தைத்தது. ஒட்டுகள் தெரியும். மறைக்கிற அளவுக்கு எனக்கு ஊசி ஓடாது.

தாய்லாந்தில் ஒவ்வொரு குறுவட்டத்துக்கும் ஒரு கொடிக்கம்பமும் ஒரு கழிப்பறையும் ஒரு வரலாறும் இருந்தாக வேண்டும். எங்கள் வங் தாவில் முதல் இரண்டும் இருந்தன. அவற்றில் ஒன்றில் தண்ணீர்கூட வந்தது. வரலாறுதான் இல்லை. சாலை முகப்பில் புதிதாக எழுப்பிய சிமெண்ட் வளைவின் கீழே ஒரு பளிங்குப் பலகை காலியாக நின்றது. அதைப் பார்க்க மாவட்டத்திலிருந்து துணை அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் தலைவர் என்னைத் தேடி வந்தார். ஊரில் எழுதிப் பிழைக்கப் பார்த்துத் தோற்ற ஆள் நான் ஒருவன்தான்.

நான் இந்த ஊருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். இங்கே ஆண்கள் எல்லோருமே அப்படித்தான், பெண் வீட்டுக்குத்தான் குடிபோவது. ஆகவே அதில் கேவலம் ஒன்றும் கிடையாது. கேவலத்துக்கு நான் வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டேன். அதைத்தான் நீங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

2

முதல் தொடக்கம்:

'பனி விலகாத காலையில், தேங் ஓடை வெள்ளிச் சரிகைபோல வளைந்து—'

இதோடு விட்டுவிட்டேன். தேங் ஓடை எந்தக் காலையிலும் சரிகைபோல இருந்ததில்லை. பால் அதிகமாய்ப் போன டீயின் நிறம் அதற்கு. அதில் காலைப் பனி இறங்குவது உண்மைதான். கூடவே சோளத்தட்டை எரிக்கிற புகையும் இறங்கும். எது பனி, எது புகை என்று எங்கள் ஊர்க்காரர்கள் இருமிப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

இரண்டாம் தொடக்கம்:

'வங் தாவ் குறுவட்டம் வடக்கே தேங் ஓடையையும் அதற்கப்பால் லாவோஸ் நாட்டையும், கிழக்கே சோளக் கொல்லைகளையும், மேற்கே சோளக் கொல்லைகளையும், தெற்கே—'

[தெற்கேயும் சோளம்தான். தலைவர் இந்த இடத்தில் 'எழில்மிகு மலைத்தொடர்' என்று எழுதச் சொன்னார். மலை இருந்தது. சோளம் போட அதை மொட்டையடித்தவர்களில் அவரும் ஒருவர்.]

புவியியல் என்பது இதுதான். நிலம் வறண்டது, மண் சிவப்பு, ஓடை எல்லை. கோடையில் அந்த எல்லைக்கு முழங்கால் ஆழம். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டால் ஒரு சுருட்டு அணைவதற்குள் வெளிநாடு போய்விடலாம். எல்லை வரைந்த அந்நியர்கள் நல்ல மழைக்காலத்தில் படகில் வந்திருக்கிறார்கள். பார்த்தால் ஆறு. ஆறு என்றால் கோடு போட வேண்டியதுதானே. கோடையில் வந்திருந்தால் வாய்க்கால் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டு கரையும் ஒரே ஊராக இருந்திருக்கும். இந்தக் கதைக்கும் வேலை இருந்திருக்காது. வரைபடம் போடுகிறவர்கள் தாங்கள் எந்தப் பருவத்தில் வந்தோம் என்பதை மட்டும் ஓரத்தில் குறிப்பதே இல்லை.

3

வரலாறு இன்னும் சுருக்கம். அக்கரையில் ஒருவன் கோழி திருடினான். பகலில் திருடினான். துரத்திக்கொண்டு வந்தார்கள். கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினான். துரத்தியவர்கள் நடுத் தண்ணீரோடு நின்றுவிட்டார்கள். ஏன் நின்றார்கள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கைலி நனைந்துவிடும் என்பதே எனக்கு நம்பும்படி இருக்கிறது. அவன் இக்கரை ஏறி, அடுப்பு மூட்டி, கோழியைத் தின்றான். அந்த அடுப்புதான் வங் தாவ். அவன்தான் எங்கள் பாட்டன். செத்த பிறகு ஊருக்குக் காவல் தெய்வமாக ஓடையோரத் தோப்பில், நாலு கால் வைத்த மரக்குடிலில் இருக்கிறான்.

பலகைக்கு இதை எழுதிக்கொண்டு போனேன். தலைவர் தவின் அலுவலகத் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து உதடு அசைய வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க மாப்ளே. ஒரே ஒரு சொல்லுதான் இடிக்குது."

"எது தலைவரே?"

"திருடன்."

"அதை எடுத்துட்டா வரலாறே இல்லையே."

"எடுக்க வேணாம், மாத்துங்க. தளபதின்னு போடுங்க."

"எந்தப் போருக்கு?"

"ஏதோ ஒரு போருக்கு. அந்தக் காலத்துல போருக்கா பஞ்சம்?"

"அப்ப கோழி?"

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "யானையாக்கிருங்க."

தளபதி ஒருவர் யானையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடை கடந்தார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினேன் என்பது வேறு விஷயம். [வளைவில் போய்ப் பாருங்கள். கக்கத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.]

கூடவே எதுகை மோனையோடு ஒரு முழக்கமும் வேண்டுமாம்; ஊருக்கு ஊர் இருக்கிறது. 'வளைந்தோடும் தேங், வளம்கொழிக்கும் சோளம், வீரத் தளபதி, விருந்தோம்பும் மக்கள்.' நாலில் ஒன்று உண்மை. ஓடை வளைந்துதான் ஓடுகிறது.

"இன்னொண்ணு," என்றார் தலைவர். "பாட்டன் படையல் அன்னிக்கு அதிகாரியும் தோப்புக்கு வர்றாரு. அதனால இந்த வருசம் கோழியை நான் கடையில வாங்கிடுறேன். திருட்டுக் கிருட்டுன்னு யாரும் வாயைத் தொறக்கக் கூடாது. சுபின்கிட்ட நீங்களே சொல்லிருங்க, மாப்ளே. நான் சொன்னா அது என்னைப் பாக்கிற பார்வை சரியில்லை."

4

இங்கேதான் சுபின் வருகிறாள்.

முதல் வரைவில் அவளை ஒடிசலானவளாக, கண்ணில் சோகம் உள்ளவளாக எழுதியிருந்தேன். சோகமான பெண்கள் எழுத லேசு. என் மனைவி பிகுனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"யாரு இது?" என்றாள்.

"சுபின்."

"நம்ம சுபினா? அவ எப்ப மெலிஞ்சா?"

"இது கதை."

"கதையில மட்டும் சோறு போட மாட்டியா?"

ஆகவே: சுபின் பருத்தவள். ஐம்பத்தைந்து தாண்டியவள். ராணுவக் காவல்சாவடிக்கு எதிரே பப்பாளிக்காயை மிளகாயோடு உரலில் இடித்துத் தட்டில் போட்டு விற்கிறாள். அவள் உரலில் உலக்கை விழுகிற சத்தத்தை வைத்தே, இன்றைக்கு யார் மேல் கோபம் என்று ஊர் கண்டுபிடித்துவிடும். முழங்கால் வலி, சர்க்கரை. சர்க்கரைக்குத் தரும் மாத்திரையை, ஞாபகம் வந்த அன்று இரண்டாகச் சேர்த்துப் போட்டுக்கொள்வாள். சிப்பாய்கள் அவளை அத்தை என்பார்கள். மிளகாய் கம்மி என்று எவனாவது சொன்னால் அடுத்த தட்டில் அவனுக்கு ஊர்ப் பெயரே மறந்துபோகும்.

வருஷா வருஷம் பாட்டனுக்குக் கோழி திருடுவது இவள்தான்.

வழக்கம் இது. ஊர் நிலாக்கணக்கில் ஆறாம் மாதம், கோடை முடிவில், முதல் ஏர் பூட்டும் முன்னால் பாட்டனுக்குக் கோழி படைக்க வேண்டும். அந்தக் கோழி அக்கரைக் கோழியாக இருக்க வேண்டும். பட்டப்பகலில் திருடியதாக இருக்க வேண்டும். வாங்கியதையும் வளர்த்ததையும் பாட்டன் தொட மாட்டான், அவனுக்குப் பழக்கமில்லை. கோழிக்காரர் துரத்திக்கொண்டு வர வேண்டும். வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும். நடுத் தண்ணீரில் நின்றுவிட வேண்டும். அவ்வளவுதான். ஆயுதம், போலீஸ், மனவருத்தம் எதுவும் கூடாது. பின்னால் வந்த அரசாங்கங்கள், எங்கள் வசவு நிற்கிற இடத்தில்தான் சரியாகக் கோடு போட்டிருக்கின்றன. அந்த ஒன்றில் மட்டும் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சுபின் திருடுவது ஒரே கூண்டில். அவள் தங்கை கம்லாவின் கூண்டில்.

5

[இந்தப் பகுதியை எழுதாமல் தவிர்க்கப் பார்த்தேன். கிண்டல் செய்ய இடமில்லாத பகுதிகள் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.]

கம்லா அக்கரைக்காரனைக் கட்டிக்கொண்டவள். கோடு போட்ட பிறகும் இரண்டு கரைக்கும் கொடுக்கல் வாங்கல் நின்றதில்லை. அவள் கணவன் முறைப்படி சுபின் வீட்டில் மூன்று வருஷம் மாப்பிள்ளையாக இருந்து, சுபினின் வாய்க்குப் பயந்து பெண்டாட்டியோடு தன் கரைக்கே ஓடிவிட்டான் என்பது ஊர்ப்பேச்சு.

கொள்ளைநோய்க் காலத்தில் எல்லையை மூடினார்கள். அந்த நேரம் பார்த்து அம்மா செத்தாள். கம்லா அக்கரையில் வந்து நின்று கத்தினாள். "ஒரே ஒரு நாள் பொறு அக்கா. எப்படியாச்சும் வந்துர்றேன்."

சுபின் பொறுக்கவில்லை. அதிகாரிகள் உடலை வைக்கக்கூடாது என்றார்கள். பிக்குகள் தலையாட்டினார்கள். சுபின் சிதைக்குத் தீ வைத்தாள். அன்றைக்குக் காற்று வடக்கே அடித்தது. கம்லா அம்மாவின் புகையை நின்ற இடத்திலேயே நின்று பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் பேச்சில்லை. கைபேசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. அதை அழுத்துகிற விரல்தான் இரண்டு பேருக்கும் இல்லை.

ஆனால் கோழி இருந்தது.

எல்லை திறந்த முதல் வருஷம், சுபின் கூண்டுக்குள் கை விட்ட நிமிஷம் கம்லா துடைப்பத்தோடு வெளியே வந்தாள். வழக்கம் வழக்கம்தானே.

"ஏய் கோழித் திருடி. தாயை ஒரு நாள் வச்சிருக்க வக்கில்ல, கோழிக்கு மட்டும் வக்கு வந்துருச்சா?"

சுபின் ஓடிக்கொண்டே சொன்னாள். "வக்கில்லாதவ கூண்டைப் பூட்டி வைடி. தொறந்து போட்டுட்டு ஊரைக் கூட்டுறியே."

அடுத்த வருஷம்: "இடுப்பைப் பாரு, நெல்லு மூட்டை ஆத்துல இறங்கின மாதிரி. சக்கரைக்கு மாத்திரை முழுங்குறியா இல்ல, அதையும் பப்பாளியில போட்டு இடிக்கிறியா?"

"உன் மகன் உன்னைப் பட்டணத்துக்குக் கூப்பிட்டுக்கிட்டானாமே. இந்த வாயைப் பாத்து மருமக பாதி வழியில எறக்கி விட்டுட்டாளா?"

"அவ முழுகாம இருக்காடி மூதேவி. உன் கண்ணு படாம இருக்கணும்."

இப்படித்தான் சுபினுக்குத் தான் பெரிய பாட்டியாகப் போவது தெரிந்தது. நடுத் தண்ணீரில் கம்லா நின்றுவிட, இவள் கரையேறித் திரும்பிப் பார்க்காமல் வந்து, தோப்பில் கோழியைப் பூசாரி கையில் கொடுத்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். அப்போது அவள் முகத்தில் இருப்பதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நல்ல சாப்பாடு சாப்பிட்டவள்போல— இல்லை. அடித்துவிடுகிறேன்.

அதற்கடுத்த வருஷம் வசவுக்கு நடுவே இருமல் இருந்தது. திட்டில் பாதி இருமலிலேயே போயிற்று.

போன வருஷம் யாரும் வெளியே வரவில்லை.

கூண்டு திறந்திருந்தது. கோழி கிடைத்தது. சுபின் வேண்டுமென்றே கோழியைக் கத்தவிட்டாள். கூண்டுக் கதவை இரண்டு தரம் அறைந்தாள். வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. துரத்த ஆளில்லாமல் நடந்தே வந்தாள். பாட்டன் ஏற்றுக்கொண்டான், மழையும் பெய்தது. சுபின் மட்டும் உரலை உடைத்துவிடுவதுபோல வருஷம் முழுக்க இடித்தாள்.

கம்லா மகன் வீட்டோடு போய்விட்டாள் என்றார் ஒருவர். சந்தையில் பார்த்தேன் என்றார் இன்னொருவர். அவர் எல்லோரையும் சந்தையில் பார்த்ததாகச் சொல்பவர். பிறகு கரையில் சுருள் முள்கம்பி வந்தது. பெரிய ஊர்களில் பெரிய மனிதர்களுக்குள் ஏதோ முறைப்பு. ஓடை கடந்து வந்து சொல்ல எவருமில்லாததால் வதந்தி வரத்துகூட நின்றுபோனது.

அவள் இருக்கிறாளா? இருந்தும் வெளியே வரவில்லையா? இரண்டில் எது மோசம் என்று சுபினால் சொல்ல முடியவில்லை. தெரிந்துகொள்ள வருஷத்தில் ஒரு நாள்தான் வழி. அந்த நாளைத்தான் தலைவர் கடையில் வாங்கப் போகிறார்.

நான் போய்ச் சொன்னேன். அவள் இடிப்பதை நிறுத்தவில்லை.

"யாரு சொன்னது?"

"தலைவர்."

"அவருக்கு வாயில்லியா?"

"நீங்க பாக்கிற பார்வை சரியில்லையாம் அக்கா."

"சரி, உன்னைப் பாக்கிறேன்," என்று பார்த்தாள். அன்றைக்கு எனக்குக் கொடுத்த தட்டின் காரம் இந்த வரி வரைக்கும் இறங்கவில்லை.

6

படையல் நாள். [விறுவிறுப்பாக ஏதாவது நடந்தாக வேண்டிய இடம். நல்லவேளை, நடந்தது. நானாக யோசித்திருந்தால் மிளகாய் தூவிச் சிப்பாய்களை மயக்கிவிட்டு ஓடையில் இறங்குவதாக எழுதியிருப்பேன்.]

தோப்பில் ஊர் கூடியிருந்தது. துணை அதிகாரி வெள்ளைச் சீருடையில் வந்தார். பூசாரி செங் பாயை விரித்து, ஒட்டரிசிச் சோறும் நாட்டுச் சாராயமும் வெற்றிலையும் எடுத்து வைத்தார். தலைவர் பெருமிதத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். பட்டணத்துக் குளிர்பெட்டிக் கடையின் கோழி. இறகு நீக்கி, வெள்ளையாக, வழவழவென்று, கால்களை மடக்கிக்கொண்டு தியானத்தில் இருந்தது.

செங் அதைப் பானையில் வேகவைத்தார். மந்திரம் சொன்னார். வெளியே எடுத்தார். ஒரு பக்கம் பார்த்தார். புரட்டி இன்னொரு பக்கம் பார்த்தார். கழுத்துப் பக்கம் விரலை விட்டுத் துழாவினார்.

"தவின்," என்றார். தலைவர் என்று சொல்லவில்லை. "தலை எங்கடா?"

சாமான்யமான கேள்வி இல்லை இது. படைத்த கோழியின் தாடை எலும்பைப் பிடுங்கி, அதன் கிளைகள் வளைந்திருக்கும் விதம் பார்த்துத்தான் அந்த வருஷத்து மழையைச் சொல்வார்கள். தாடை பார்க்காமல் யாரும் ஏர் பூட்ட முடியாது. தாடை தலையில் இருக்கிறது. எங்கள் குறுவட்டத்தின் தளபதியும் யானையும் முழக்கமும் வளைவும் எல்லாம் சேர்ந்து, ஒரு கோழிக்குத் தலை உண்டு என்பதை மறந்துவிட்டன.

"பைக்குள்ள இருக்கும், பாருங்க," என்றார் தலைவர்.

பையைக் கவிழ்த்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

"தலை இல்லாம ருசி கொறையுமோ?" என்று அதிகாரி அக்கறையோடு கேட்டார்.

பின்னால் ஒருவர் சன்னமாகச் சொன்னார். "அவரு தலையைப் பிடுங்கிப் பாக்கலாமான்னு கேளுங்க."

"நம்ம வீட்டுக் கோழி ஒண்ணைப் புடிச்சுட்டு வரட்டுமா?" என்றார் இன்னொருவர்.

"புடிச்சுட்டு வா," என்றார் செங். "நீயே தின்னு. பாட்டன் என்னைக்குச் சொந்தக் கோழியைத் தின்னாரு?"

"ஏன், தளபதிக்கு ஊர்க்கோழி ஆகாதா?" என்று அதிகாரி விசாரித்தார். அவர் வளைவில் இருந்ததை முழுக்க வாசித்திருந்தார். வாசித்த ஒரே மனிதர்.

தலைவர் தவினைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மேலே இடிந்து விழ வானம்தான் பாக்கி, அந்த அளவுக்கு மேகம். ஊரே விதைச்சோளத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அவருடைய கொல்லையும்தான். அவர் கண் மெதுவாகக் கூட்டத்தைத் தாண்டி, மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சுபினிடம் போய் நின்றது.

"அக்கா," என்றார், வாழ்க்கையில் அவர் பேசிய மிக மென்மையான குரலில். "கொஞ்சம் போயி... கோழி ஒண்ணு... கொண்டாந்துர்றீங்களா?"

"எங்கேர்ந்து?"

"எப்பவும் கொண்டார்ற எடத்துலேர்ந்து."

"எப்படிக் கொண்டார்றது?"

"எப்பவும் கொண்டார்ற மாதிரி."

"எனக்குப் புரியலையே தலைவரே. வாயைத் தொறந்து சொல்லுங்க. என்ன பண்ணிக் கொண்டாரணும்?"

தலைவர் அதிகாரியைப் பார்த்தார், செங்கைப் பார்த்தார், தலையில்லாத கோழியைப் பார்த்தார். "திருடித்தான்," என்றார்.

ஊர் மூச்சு விட்டது. சுபின் எழுந்து கைலியை உதறினாள்.

"இந்த அம்மா எங்க போறாங்க?" என்றார் அதிகாரி.

"கடைக்கு," என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"கடை அந்தப் பக்கமா? அங்க லாவோஸ்தானே இருக்கு?"

எல்லோரும் தெற்கே, மொட்டை மலையை, எழில்மிகு மலைத்தொடரைப்போலப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதிகாரி கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு அவரும் மலையைப் பார்க்கத் தொடங்கினார். இந்த இடத்தில் அந்த மனிதர் மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. கதைக்கு நல்லதில்லை, என்ன செய்வது?

7

[இனி நான் பார்த்தது இல்லை. நான் தோப்பில் அதிகாரிக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். எழுத்தாளர்களை முக்கியமான நேரத்தில் ஊர் இப்படித்தான் பயன்படுத்துகிறது. கம்பிவரைக்கும் நடந்ததைச் சிப்பாய் சொன்னான். அதற்கப்பால் உள்ளதை நான் கட்டுகிறேன்.]

கரையில் தெற்கத்திச் சிப்பாய் ஒருவன் காவலுக்கு நின்றான். அவள் கடைச் சாப்பாட்டில் பிழைக்கிறவன்.

"எங்க அத்தே?"

"கோழி திருட."

"எல்லை மூடியிருக்கு. தெரியும்ல?"

"எனக்குத் தெரியும். கோழிக்குத் தெரியாது."

அவன் தலையைச் சொறிந்தான். தோப்பு விவகாரம் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்தது. "எத்தனை?"

"ஒண்ணு."

"தலையோடயா?"

"தலையோட."

துப்பாக்கிக் கட்டையால் சுருள்கம்பியைத் தூக்கிப் பிடித்தான். "குனிஞ்சு போங்க, கைலி மாட்டிக்கும். சீக்கிரம் வந்துருங்க, மேலதிகாரி சாப்பிட்டு முடிச்சா ரவுண்டு வருவாரு."

முழங்கால் தண்ணீர். அக்கரை. வாழைக்கு நடுவே தங்கையின் வீடு. கதவு சாத்தியிருக்கிறது. அடுப்புப் புகை இல்லை. உச்சி வேளைக்குப் புகை இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கூண்டுக் கதவு புதுக் கயிற்றால் கட்டியிருக்கிறது. கட்டியது இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. உள்ளே தரையில் சோளம் இறைத்திருக்கிறது. இன்றைக்கு இறைத்தது. இறைத்த கை யாருடையது? மருமகளுடையதாக இருக்கலாம். வீட்டை வாங்கிய வேற்றாளுடையதாகவும் இருக்கலாம். சுபின் கையை விட்டாள். கொழுத்த பெட்டை ஒன்று, பிடிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்ததுபோல, கைக்குள் வந்தது.

அதைக் கத்தவிட்டாள்.

8

இப்போது முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்று: கம்லா ஓடி வருகிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், கோழி பறந்துவிடுகிறது. இதை எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. கம்லா கட்டிப்பிடிக்கிற ஆள் இல்லை. கோழி போனால் ஊர் பட்டினி.

இரண்டு: கதவைத் திறந்து மருமகள் வருகிறாள், இடுப்பில் குழந்தையோடு. தலையை மட்டும் ஆட்டுகிறாள். சுபினுக்குப் புரிகிறது. இந்த முடிவுக்குப் பரிசுகூடக் கிடைக்கும். பிகுன் கேட்டுவிட்டு, "ஏன், அவளைக் கொன்னாத்தான் உனக்கு எழுத்து வருமா?" என்றாள்.

மூன்று: எல்லைகள், மனிதர்கள் பற்றி ஒரு பத்தி. அதைக் கிழித்துவிட்டேன். அந்த மாதிரிப் பத்திகளுக்கு என்றே பளிங்குப் பலகைகள் இருக்கின்றன.

உண்மையில் என்ன நடந்தது என்பது தெரியாதா என்கிறீர்கள். கோழி வந்து சேர்ந்தது, அதற்குத் தலை இருந்தது, தாடை நன்றாக வளைந்திருந்தது, மறுநாள் ஏர் பூட்டினோம். அதிகாரி குனிந்து பார்த்து, "தளபதி நல்லா ரசிச்சுத்தான் சாப்பிடுறாரு," என்றார். அக்கரையில் நடந்ததைச் சுபின் ஒரே ஒருத்தியிடம் சொன்னாள். அது பிகுன். பிகுன் எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

"நீ எழுதிருவ," என்றாள்.

நியாயம்தான்.

ஆகவே நான் சுபினை ஓடைக்குள் இறக்கி, அங்கேயே விட்டுவிட்டு வருகிறேன். கக்கத்தில் கோழி. அது தொண்டை கிழியக் கத்துகிறது. சுபின் நடுத் தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள். மெதுவாகத்தான் போகிறாள். சிப்பாய் கையை ஆட்டி அவசரப்படுத்துகிறான், அவள் பார்க்கவில்லை. முழங்கால் வலி என்று நாளைக்குச் சொல்லிக்கொள்வாள். இவ்வளவு மெதுவாக நடக்கிற திருடியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். திரும்பிப் பார்ப்பது வழக்கத்தில் இல்லை, அதனால் திரும்பவில்லை. கழுத்து மட்டும் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கிறது, முதுகில் ஏதாவது வந்து விழாதா என்று கேட்பதுபோல.

இனி உங்கள் பாடு. நீங்கள் அந்த வீட்டுக்குள், சாத்திய கதவுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். இருமல் இருக்கலாம். கோபம் நிச்சயம் இருக்கிறது. அம்மாவின் புகையை இன்னும் மறக்கவில்லை. கோழியின் சத்தம் கேட்கிறது. கயிற்றை இழுத்தால் அவிழ்கிற மாதிரி கட்டியது நீங்களா என்று நான் கேட்க மாட்டேன். வெளியே வருவதாக இருந்தால், அன்பாக எதுவும் சொல்லித் தொலைக்காதீர்கள், அவள் நம்ப மாட்டாள், பயந்தும் போவாள். நல்ல வசவாக ஒன்று யோசியுங்கள். அவளுடைய இடுப்பில் தொடங்கலாம்.

நடுத் தண்ணீர் வரப்போகிறது. அதற்கப்பால் திட்டினால் செல்லாது.